சொல்லிக்கொள்ளாமல் வந்த வீடுகள்

இப்போதெல்லாம் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய் மனிதர்களின் துயரத்தைக் கேட்டு வரப்போகிற மாணவர்களுக்கும், அவர்களை அனுப்புகிற ஆசிரியர்களுக்கும், கேட்பவர் மனம் எங்கே அடிபடும், அடிபட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தருகிற வேலை. ஏசி ஹால், பிஸ்கெட், டீ எல்லாம் உண்டு. நான் ஆரம்பித்ததும் கடைசி வரிசையில் ஒருத்தியாவது கையைக் கட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்ப்பாள். நான் தூங்கினேனா இல்லையா என்பதில் இந்த அம்மாவுக்கு என்ன அக்கறை என்று அந்தப் பார்வை கேட்கும். எனக்கு அவளைத்தான் பிடிக்கும். முன்வரிசையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பிள்ளைகளைத்தான் எனக்கு நம்பிக்கையில்லை.

நானும் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள்தான். ஆரணியில் பட்டு நெய்கிற தெருவில் பிறந்தவளுக்குச் சந்தேகப்பட யாரும் கற்றுத் தரவேண்டியதில்லை. முதலாளி கொடுத்தனுப்பிய பட்டை அப்பா எங்கள் தராசில் ஒரு தடவையும் எதிர்வீட்டுத் தராசில் ஒரு தடவையும் நிறுப்பார். ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போவார். குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து போட வந்த நர்ஸம்மாவை, "சும்மா குடுக்குறீங்களே, இன்னா விஷயம்?" என்று அம்மா வாசலிலேயே நிறுத்தி விசாரித்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் பிறந்த நான் எப்படி இருப்பேன்? யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு முதலில் கைப்பையைத்தான் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சமூகப்பணி படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். சென்னையிலிருந்து ஒரு பல்கலைக்கழகத் துறையினர் எங்கள் பக்கம் ஆராய்ச்சிக்கு வந்தார்கள். ஐந்து வயதுக்குள் குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களைப் பார்த்து, காய்ச்சல் எப்போது வந்தது, எங்கே காட்டினார்கள், போய்ச் சேர எவ்வளவு நேரமானது என்றெல்லாம் கேட்டு டேப்பில் பதிய வேண்டும். சென்னையிலிருந்து மாணவிகள் கொஞ்சம் பேர், எங்கள் பக்கத்துப் பெண்கள் கொஞ்சம் பேர். ஊர்ப் பேச்சு தெரியும் என்பதற்காக என்னையும் எடுத்துக்கொண்டார்கள்.

வேலைக்கு முன்னால் மூன்று நாள் வகுப்பு. அதை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, வாடகை சல்லிசு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் சென்னை மாணவிகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் பாதை விட்டு மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய பேராசிரியை எங்களுக்கு வெறும் மேடம். ஐம்பதை ஒட்டிய வயது. பருத்திப் புடவை. குரலை உயர்த்தவே மாட்டார். எடுத்தவுடன் கேள்விகளைப் பற்றிப் பேசுவார் என்று நாங்கள் பேனாவைத் திறந்து வைத்திருந்தோம். அவர், "இந்த வேலை உங்களைக் காயப்படுத்தும். அதைப் பத்தித்தான் முதல்ல பேசப்போறோம்" என்றார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு வீட்டுக்கு மேல போகக்கூடாது. தனியா போகக்கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கு அப்புறமும் ஜோடியா எங்கயாவது உக்காந்து, உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு பேசணும். தூக்கம் வரலைன்னா சொல்லுங்க. சாப்பாடு இறங்கலைன்னா சொல்லுங்க. வீட்டுல காரணமில்லாம எரிஞ்சு விழுந்தா அதையும் சொல்லுங்க. உங்க ஜோடியைக் கவனிச்சுக்குங்க. அவங்ககிட்ட மாறுதல் தெரிஞ்சா எங்கிட்ட வந்து சொல்லுங்க."

எனக்குக் காது விடைத்துக்கொண்டது. அதுவரை எந்த வேலையிலும் சம்பளம் கொடுக்கிறவர் என் தூக்கத்தை விசாரித்ததில்லை. தொண்ணூறுகளில் படிக்கிற காலத்தில், புருஷனை இழந்த பெண்களைப் பற்றிய ஒரு கணக்கெடுப்புக்கு எங்களைக் கலசப்பாக்கம் பக்கம் அனுப்பினார்கள். "ஜல்தியா முடிச்சுட்டு வாங்க, பஸ்ஸு போயிடும்" என்பதுதான் அன்றைக்குக் கிடைத்த ஒரே பயிற்சி. திரும்பி வந்து ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் ஏனென்று கேட்கவில்லை, நானும் பழியை வெயில் மேல் போட்டுவிட்டேன். அப்படிப் பழகியவளிடம் திடீரென்று ஒருவர் இத்தனை கரிசனம் காட்டினால் நம்ப முடியுமா? ஜோடியைக் கவனி என்றால் வேவு பார் என்று எடுத்துக்கொண்டேன். தூங்கவில்லை என்று சொல்கிறவளை முதல் மாதமே கழட்டிவிடுவார்கள் என்றும் முடிவு கட்டினேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தாள். சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். என்னைவிட ஆறேழு வயது பெரியவள், அதனால் எனக்கு அக்கா. வீட்டுக்காரர் யாரோ ஒருவருடைய விசைத்தறியில் ஷிப்டு பார்த்தார், அதுவும் கரண்ட் இருந்தால்தான். பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன். அந்த வீட்டில் மாதம் பிறந்தால் தவறாமல் வரும் என்று நம்பக்கூடிய ஒரே வருமானம் இந்த வேலைதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

இரண்டாம் நாள் மேடம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இடம், மணப்பெண் அறை. உங்கள் சொந்த வாழ்க்கையில் இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தால் சொல்லலாம், சொன்னால் வீடுகளுக்கு அனுப்பாமல் வேறு வேலை தருவோம், சம்பளம் குறையாது என்று மைக்கில் அறிவித்தார். சம்பளம் குறையாது என்று அவராகவே சொன்னதும் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. அந்த அறையின் கதவோ மொத்த மண்டபத்துக்கும் நேரெதிரே இருந்தது. யார் போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பதெல்லாம் சினிமா மாதிரித் தெரியும்.

"அழுதுகினு வெளிய வந்தா வேலை காலி. சிரிச்சிகினு வந்தா நிச்சயம்" என்றாள் சேவூர்க்காரி என் காதோரம்.

சென்னை மாணவிகள் உள்ளே போய் நிதானமாகப் பேசிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கென்ன, இது போனால் இன்னொன்று. என் முறை வந்தது. சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். மேடம் கேட்டார். "எனக்கு அப்பிடி ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றேன். எழுதிக்கொள்கிறாரா என்று அவர் கையைப் பார்த்தேன். கையில் பேனாகூட இல்லை. அப்படியானால் மனசுக்குள் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பிறகு போன சேவூர்க்காரி, கதவு சாத்திய வேகத்திலேயே திறந்துகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வந்தாள். "உங்களுக்கு எதனா இருக்குதாம்மான்னாங்க. என் பையன் கணக்குல ஃபெயிலு, அதான் இருக்குதுன்னேன்" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மூன்றாம் நாள், பேட்டியை எப்படி முடிப்பது என்று சொல்லித் தந்தார்கள். துயரத்தைக் கிளறிவிட்டு அப்படியே எழுந்து வந்துவிடக்கூடாது, முறையாக முடித்தால் அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது என்றார் மேடம். அதற்காக அவரே சில வரிகள் எழுதியிருந்தார். உங்கள் குழந்தையைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, மனசு கஷ்டமாக இருந்தால் எங்கள் ஆபீஸுக்கு வரலாம், நாங்கள் போயிட்டு வருகிறோம். இதைச் சொல்லிவிட்டுத்தான் டேப்பை அணைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பார்த்தோம். யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

சேவூர்க்காரியையும் என்னையும் ஜோடியாகப் போட்டார்கள். ஆரணித் தெருக்களில் எங்களைக் கண்டதும் கதவு சாத்தினார்கள். கையில் பை, பையில் டேப் ரெக்கார்டர், படித்த களை. பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்திருக்கிறார்களா என்று சோதனைக்கு ஆபீசர்கள் வந்து போன காலம் அது. நாங்கள் தெருமுனையில் திரும்புவதற்குள் பிள்ளைகள் எல்லாம் பின்வாசல் வழியாக மறைந்துவிடுவார்கள். "எந்த ஆபீஸு?" என்று ஒரு முறை, "யாரு அனுப்புனாங்க?" என்று ஒரு முறை, போகும்போது மறுபடியும் "எந்த ஆபீஸு?" என்று கேட்பார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் வந்தது. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் தண்ணீர்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

முதன்முதலாக ஒரு தாய் உடைந்து அழுதது ஆரணியிலேயே இருக்கிற சைதாப்பேட்டைப் பக்கத்து வீடொன்றில். குழந்தை போய் மூன்று வருடமாகியிருந்தது. ஆரம்பத்தில் ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் போலத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். காய்ச்சலோடு அது கடைசியாகக் கேட்டது பன்ரொட்டி என்று சொல்லும்போது தலைமேல் கையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. நான் மேடத்தின் வரிகளைச் சொல்ல வாயெடுத்தேன். சேவூர்க்காரி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். டேப்பை அணைத்தாள். அந்த அம்மாவின் கையைத் தொட்டாள். பேசாமல் எழுந்து வெளியே நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

தெருமுனைக்கு வந்ததும், "ஏங்க்கா, சொல்லிகினு வர வேணாமா?" என்றேன்.

"சாவு ஊட்டுல இருந்து வரேன்னு சொல்லிகினு வருவியா?"

"மூணு வருசம் ஆச்சுக்கா. இப்ப அது சாவு ஊடா?"

"காலைல இல்ல. நாம போயி அழவெச்சோம் இல்ல, இப்ப சாவு ஊடுதான்."

எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துக்க வீட்டுக்குப் போனால் போயிட்டு வரேன் என்று சொல்லமாட்டோம். சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வருகிறோம் என்றாகிவிடும். பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும், வந்ததும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். மண்டபத்தில் அத்தனை பேர் சேர்ந்து கோரஸாக ஒப்பித்தபோது ஒருவருக்கும் இது நினைவுக்கு வரவில்லை. பேட்டி என்ற சொல் வந்ததும் நாங்கள் போகப்போவது வீட்டுக்கு என்பதே மறந்துபோயிருந்தது.

அதன்பிறகு அவள் வைத்ததுதான் சட்டம். அழாத வீட்டில் மேடத்தின் வரிகள். அழுத வீட்டில் ஒன்றுமில்லை. அழாத வீடு அபூர்வம். ஆகவே எங்கள் டேப்புகள் பெரும்பாலும் அழுகையில் டப்பென்று நின்றன.

டேப்புகளைக் கேட்டுச் சரிபார்க்க ஒரு சூப்பர்வைசர் இருந்தார். சென்னைக்காரர், பைக்கை நிறுத்தினாலும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேசுகிறவர். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எங்களைப் பிடித்து, "உங்க டேப்பு மட்டும் ஏன் பாதியில நிக்குது? நீங்களே நிறுத்திடுறீங்களா?" என்றார். பாதி பேட்டி எடுத்துவிட்டு மீதியை நாங்களே கதை கட்டி நிரப்புகிறோம் என்று அவருக்கு நினைப்பு. "பேட்டரி சார்" என்றாள் சேவூர்க்காரி, கண் சிமிட்டாமல். விளக்கம் சொன்னால் அதை வைத்தே கணக்கு முடித்துவிடுவார் என்று எங்கள் இருவருக்கும் பயம். அன்றிலிருந்து அவர் எங்களைச் சந்தேகப்பட்டார், நாங்கள் அவரைச் சந்தேகப்பட்டோம். வேலை ஒழுங்காக நடந்தது.

ஆற்றோரத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போகும்வரை.

அந்த வீட்டு அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். தறி நெய்பவள். மூன்று வயதுப் பெண் குழந்தையைக் காய்ச்சலில் இழந்தவள். தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டே, ராட்டையை நிறுத்தாமல் சொன்னாள். கடைசியில் ராட்டை நின்றது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். வழக்கப்படி எழப்போகிறோம் என்று நான் பையை எடுத்தேன். அப்போது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேவூர்க்காரியைப் பார்த்து, "உனக்கு எத்தினி பசங்கம்மா?" என்று கேட்டாள்.

எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். சேவூர்க்காரி எல்லா வீட்டிலும் "ஒரு பையன்" என்பாள். அன்றைக்குக் கொஞ்சம் தாமதித்து, "ரெண்டு" என்றாள்.

அந்த அம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேவூர்க்காரி எழுந்து, இன்னும் ஈரம் காயாத அந்த முகத்துக்கு நேராக, "வரேங்க்கா" என்றாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீக்கடையில் உட்கார்ந்ததும், "ஏங்க்கா ரெண்டுன்னே? அழுத ஊட்டுல வரேன்னு வேற சொல்றே?" என்றேன். மேடம் பேசச் சொல்லியிருந்த நேரம் அது. "வாய்ல வந்துச்சு. டீ ஆறிப்போவுது, குடி" என்றாள்.

படிக்கிற உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்கு அன்று புரியவில்லை. அந்த அம்மாளை வசப்படுத்தப் பொய் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். எதற்கு வசப்படுத்த வேண்டும்? அதையும் நானே கண்டுபிடித்தேன். அடுத்த வாரத்திலிருந்து சேவூர்க்காரி மதியச் சாப்பாட்டு வேளையில் காணாமல் போனாள். "தலைவலி, கொஞ்சம் படுக்குறேன்" என்பாள். ஆபீஸில் படுத்திருக்க மாட்டாள். தவணைக்குப் புடவை விற்கிறாளோ, சீட்டுக்கு ஆள் பிடிக்கிறாளோ, இறந்த பிள்ளைக்கு அரசாங்கத்தில் பணம் வாங்கித் தருவதாக யாருக்காவது தரகு பார்க்கிறாளோ என்று வரிசையாகச் சந்தேகப்பட்டேன். கண் சிவந்திருந்தது. டீயில் சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரோடு தெருவே திரும்பிப் பார்க்கச் சண்டை போட்டாள். ஒருநாள் கேசட் போடாமலேயே ஒரு பேட்டி முழுவதும் பட்டனை அழுத்தி உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்காமல் திரும்ப எடுத்துப் போனாள். மேடம் வகுப்பில் சொன்ன அடையாளங்கள் அத்தனையும் இருந்தன. எனக்கு அத்தனையும் திருட்டு முழியாகத் தெரிந்தன.

ஒரு மதியம் பின்னாலேயே போனேன். ஆற்றோரத் தெருவில் அந்த வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. எதிரே பூவரச மரத்தடியில் நின்று பார்த்தேன். அந்த அம்மாள் தறியில் இருந்தாள். சேவூர்க்காரி கீழே காலை நீட்டி உட்கார்ந்து அவளுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. அழவுமில்லை. புடவை, சீட்டு, தரகு எதுவும் கண்ணில் படவில்லை. கூலிக்கு வேலை செய்கிறாளோ என்று கடைசியாக ஒரு சந்தேகம் வந்தது. அதுவும் நிற்கவில்லை. அவள் முகம் அன்றுவரை நான் பார்த்திராத அளவுக்குச் சும்மா இருந்தது. நான் பேசாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் என்னிடம் தனியாக, "உங்க ஜோடி எப்படி இருக்காங்க? ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்றார். ஹெல்மெட்டுக்குள் அவர் கண் மட்டும் தெரிந்தது. "நல்லாத்தான் இருக்காங்க சார்" என்றேன். பேட்டி எடுத்த வீட்டுக்குத் திரும்பப் போகக்கூடாது என்பது மேடம் போட்ட விதி. நான் வாயைத் திறந்தால் அவள் வேலை போகும். அவள் என்ன செய்கிறாள் என்று தெரியாவிட்டாலும், அவரிடம் சொல்லக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

அந்த வாரமே மேடம் சென்னையிலிருந்து வந்தார். மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். எங்கள் இருவரையும் மட்டும் கூப்பிட்டு, மற்றவர்களை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார். மேஜைமேல் டேப் ரெக்கார்டர், பக்கத்தில் எங்கள் கேசட்டுகள். படியேறும்போதே சேவூர்க்காரி, "முடிஞ்சிச்சு. இந்த மாசத்தோட சரி" என்றாள்.  பையனுக்கு அந்த வருடம்தான் டியூஷன் சேர்த்திருந்தாள்.

மேடம் ஒவ்வொரு கேசட்டாகக் கடைசிப் பகுதியை மட்டும் போட்டார். அழுகை, டப். அழுகை, டப். "எல்லாம் இப்படியே நிக்குது. ஏம்மா?" என்றார்.

சேவூர்க்காரி என்னைப் பார்த்தாள். பிறகு பேட்டரி என்று சொல்லாமல் உண்மையைச் சொன்னாள். "துக்க ஊட்டுல சொல்லிகினு வர்ற வழக்கம் இல்லீங்க மேடம். நாங்க போயி கேட்டதும் அது துக்க ஊடா ஆயிடுது."

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் தெரியும். எங்க வீட்டுலயும் சொல்ல மாட்டாங்க. எழுதும்போது எனக்குத் தோணவே இல்லை" என்றார். நான் நம்பவில்லை. இது பீடிகை, அடுத்துதான் விஷயம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வந்தது.

அவர் வேறொரு கேசட்டைப் போட்டார். எத்தினி பசங்கம்மா என்ற குரல். கொஞ்சம் மௌனம். ரெண்டு. அப்புறம், வரேங்க்கா.

"இதுல மட்டும் சொல்லியிருக்கீங்க" என்றார் மேடம். அப்புறம் எதையோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். ரெக்கார்டரை எட்டி, மின்கம்பியையே பிடுங்கிவிட்டார். சிவப்பு விளக்கு அணைந்ததா என்று நான் எட்டிப் பார்த்தேன். அணைந்திருந்தது.

"வேண்டாம்மா. சொல்ல வேண்டாம். சம்பளம் கொடுக்கிற கையை வெச்சுக்கிட்டு நான் இதைக் கேட்கக்கூடாது. மண்டபத்துலயே கேட்டிருக்கக்கூடாது, அத்தனை பேரு பாத்துக்கிட்டு இருக்க" என்றார்.

"நீங்க கேக்கல மேடம். நான் சொல்றேன்" என்றாள் சேவூர்க்காரி.

கையை மடியில் வைத்துக்கொண்டு, மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி சொன்னாள். பையனுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்தது. எட்டு மாதத்தில் விடாத காய்ச்சல். வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார். இவள் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள். பாதி வழியில், கண்ணமங்கலம் வருவதற்குள் மடியில் இருந்தது குளிர்ந்துவிட்டது.

"தெரிஞ்சா எறக்கி வுட்டுடுவாங்கன்னு பயம் மேடம். கத்தல. கண்ணமங்கலத்துல எறங்கி, எதுத்தாப்புல வந்த ஆரணி பஸ்ல ஏறிட்டேன். கூட்டம். ஒரு அம்மா எழுந்து எடம் குடுத்தாங்க. தூங்குதா கொழந்தன்னு கேட்டாங்க. ஆமாம்மா, இப்பதான் தூங்குச்சுன்னேன். ஊர் வர்ற வரைக்கும் தட்டிக் குடுத்துகினே வந்தேன்."

 அவள் தொடர்ந்தாள்.

"கைக்கொழந்தைக்கு காரியம்லாம் கெடையாதே. சாயங்காலமே எடுத்துகினு போயி பொதச்சிட்டாங்க. துக்கம் கேக்க யாரும் வரல. எனக்கு ஒரே பையன்னு எல்லாரும் மறந்துட்டாங்க, நானும் அப்பிடியே சொல்லிகினு இருந்தேன். அந்த அக்கா கேட்டப்போ ரெண்டுன்னு வந்துடுச்சு. அந்த ஊட்டுக்குப் போனா நான் ரெண்டு பெத்தவ மேடம். அதான் போறேன். விதி தெரியும். வேலைய வுட்டு எடுக்குறதுன்னா எடுத்துக்குங்க."

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் பிறகு எழுந்தார். பையை எடுத்துக்கொண்டார். சேவூர்க்காரியின் அருகில் வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்து ஒரு நிமிடம் நின்றார். கதவைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல், படியிறங்கிப் போய்விட்டார். எப்போது வந்தாலும் வாசலில் நின்று, தண்ணீர் குடத்தைத் துடைக்கிற அம்மா உட்பட எல்லோரிடமும் "வரேம்மா" சொல்லிவிட்டுப் போகிறவர். கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனையும் கேட்டுக்கொண்டு இப்படியா என்று ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. "பாத்தியாக்கா, நான் அப்பவே நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லிகினு போகல. நாளைக்கு அந்த ஹெல்மெட்டுகிட்ட சொல்லி அனுப்புவாங்க" என்றேன்.

சேவூர்க்காரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது. துடைக்கவில்லை.

"சொல்லிகினு எப்பிடிம்மா போவாங்க?" என்றாள். "துக்கம் கேட்டுட்டு இல்ல போறாங்க."

வேலை போகவில்லை. அடுத்த மாதத்திலிருந்து பேட்டி முடிவில் சொல்கிற மேடத்தின் வரிகள் எடுக்கப்பட்டன. மனசு தாங்காதவர்கள் போய்ப் பேச, சம்பளத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு டாக்டரம்மாவை வேலூரில் ஏற்பாடு செய்து, யார் போனாலும் தனக்குத் தெரியவேண்டாம் என்றார் மேடம். சேவூர்க்காரி டேப்புகளைக் கேட்டு எழுதுகிற வேலையைக் கேட்டாள், கொஞ்ச நாளில் அதுவும் வேண்டாமென்று வீடுகளுக்கே திரும்பினாள். ஆற்றோரத் தெரு வீட்டைப் பேட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதனால் அவள் அங்கே போவதைத் தடுக்க விதியில்லை. நான் இன்று மேடைகளில் சொல்வதில் பாதி, அந்த மாடியில் பார்த்ததுதான்.

அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து, உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்று, அம்மாவிடம் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு செத்தது?"

"ஒரு பொண்ணு கொழந்தம்மா. எட்டு மாசம்."

"எப்போ?"

"ரொம்ப வருசம் ஆச்சு."

அம்மா எதையும் இரண்டு தடவை விசாரிக்காமல் விடமாட்டாள். அன்றைக்கு விசாரிக்கவில்லை. உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்து, என்னைக் குனியச் சொல்லி, தலையில் அவளே ஊற்றினாள்.